அமிலத்தில் சிக்கிய நோய்க்கிருமி எந்த மரபணுக்களை இயக்குகிறது?

நோய் உண்டாக்கும் பாக்டீரியா இரைப்பை அமிலத்தில் விழும்போது அதன் மரபணுக்கள் மாறிவிடுகின்றனவா, மாறுகின்றன என்றால் எந்த வழியில், அந்த மாற்றத்தை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள், அந்த அறிவு மருத்துவத்துக்குப் பயன்படுமா என்று கேட்டிருந்தீர்கள். பதிலுக்குள் நுழையும் முன் கேள்வியில் உள்ள ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மரபணு மாறுவது வேறு, மரபணுவின் செயல்பாடு மாறுவது வேறு. டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையே மாறினால் அது திடீர்மாற்றம். அது தற்செயலாகவும் மிக அரிதாகவும் நேர்வது. அமிலத்தைச் சந்தித்த ஒரு பாக்டீரியா சில நிமிடங்களுக்குள் செய்வது அதுவன்று. தன்னிடம் ஏற்கெனவே உள்ள சில ஆயிரம் மரபணுக்களில் எவற்றை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுப்பது, எவற்றை அடக்கிவைப்பது என்ற தேர்வைத்தான் அது மாற்றிக்கொள்கிறது. அமிலம் விலகியதும் அந்தத் தேர்வும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அமிலம் ஏன் கொல்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 1.5 முதல் 3 வரை இருக்கும். பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அது ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு என்று கூடும் மடக்கை அளவு என்பதால், 7 என்ற நடுநிலையிலிருந்து 2 என்ற நிலைக்கு இறங்கும் பாக்டீரியாவைச் சுற்றி ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஒரு லட்சம் மடங்கு உயர்ந்துவிடுகிறது. குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் தம் உயிரணுவின் உட்பகுதியை 7.5-ஐ ஒட்டிய பி.எச். அளவில் வைத்துக்கொள்பவை. வெளியே அயனிகள் குவியும்போது அவை சவ்வின் வழியாகக் கசிந்து உள்ளே வருகின்றன, நொதிகள் மடிப்புக் குலைகின்றன, டி.என்.ஏ.யிலிருந்து பியூரின் காரங்கள் உதிர்கின்றன; சவ்வின் இரு புறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டைக் கொண்டு ஆற்றலை உருவாக்கும் ஏற்பாடு நிலைகுலைகிறது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் இன்னொரு வழியிலும் தாக்குகின்றன. அயனியாகப் பிரியாத மூலக்கூறுகளாக அவை சவ்வைக் கடந்து, நடுநிலையான உட்பகுதிக்குள் சென்ற பிறகே பிரிந்து புரோட்டானை விடுவிக்கின்றன. எனவே, ஒரே பி.எச். மதிப்பிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பாக்டீரியா தரும் மரபணு எதிர்வினையும் அசெட்டிக் அமிலத்துக்குத் தரும் எதிர்வினையும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தத் துறையில் மிக முக்கியமானது என்று நான் கருதும் செய்தி, மரபணுச் செயல்பாட்டின் மாற்றம் எப்போது நடக்கிறது என்பதே. பி.எச். 2 என்ற கடும் அமிலத்தில் புதிய புரதங்களை உருவாக்கும் வேலை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அந்த நிலையில் ஒரு பாதுகாப்பு மரபணுவை இயக்கி, ஆர்.என்.ஏ. படியெடுத்து, புரதம் செய்து தப்பிக்கப் பாக்டீரியாவுக்கு வாய்ப்பில்லை. அங்கே அதைக் காப்பது முன்பே செய்துவைத்த புரதங்கள்தான். ஆகவே தீர்மானமான மாற்றங்கள் பி.எச். 5 அல்லது 6 போன்ற மிதமான அமிலத்திலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். 1990இல் ஃபாஸ்டர், ஹால் ஆகிய இரண்டு ஆய்வாளர்கள், குடல் தொற்றை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பி.எச். 5.8 அளவில் சிறிது நேரம் வளர்ந்து பழகிய செல்கள், பி.எச். 3.3 போன்ற கொடிய அளவிலும் பெருமளவு பிழைத்தன. நடுநிலையிலிருந்து நேரடியாக அதே அமிலத்தில் இடப்பட்ட செல்கள் வேகமாக மடிந்தன. அமிலத் தாங்கு எதிர்வினை என்று பின்னர் பெயர்பெற்ற இந்த நிகழ்வில், மிதமான அமிலம் வரப்போகும் கடும் அமிலத்துக்கான முன்னறிவிப்பாகச் செயல்படுகிறது.

முன்கூட்டியே செய்துவைக்கும் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஈ.கோலையின் குளுட்டாமேட் முறையே சிறந்த எடுத்துக்காட்டு. கேட்-ஏ, கேட்-பி என்ற இரண்டு நொதிகள் குளுட்டாமேட் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து அதைக் காபா என்ற சேர்மமாக மாற்றுகின்றன. இந்த வினை ஒவ்வொரு முறை நடக்கும்போதும் உயிரணுவுக்குள் உள்ள ஒரு புரோட்டான் செலவாகிறது. கேட்-சி என்ற சவ்வுப் புரதம் உருவான காபாவை வெளியே அனுப்பி, அதற்கு ஈடாக வெளியிலிருந்து புதிய குளுட்டாமேட்டை உள்ளே கொண்டுவருகிறது. கசிந்து வந்த புரோட்டானை ஒரு அமினோ அமிலத்தின் மேல் ஏற்றி வெளியே அனுப்பும் இந்த ஏற்பாடு எவ்வளவு எளியதோ அவ்வளவு வலியது. வெளியே பி.எச். 2.5 ஆக இருக்கும்போதும் உட்பகுதியின் பி.எச். ஏறத்தாழ 4.2-க்குக் கீழே இறங்காமல் இது பார்த்துக்கொள்கிறது. அந்த 4.2-ஐ ஒட்டிய அளவில்தான் இந்த நொதிகள் மிகத் திறமையாக இயங்குகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. அர்ஜினைனையும் லைசினையும் கொண்டு இதே வகையில் இயங்கும் இணை முறைகளும் ஈ.கோலையிடம் உள்ளன.

இவ்வளவு பயனுள்ள நொதிகளை எப்போதும் தயாராக வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் குளுட்டாமேட், செல்லின் நைட்ரஜன் வளர்சிதை மாற்றத்துக்கு நடுநாயகமான பொருள். தேவையற்ற நேரத்தில் அதைச் சிதைப்பது வீண் இழப்பு. அதனால் இந்த மரபணுக்களின் மீது பல அடுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. சாதாரண நிலையில் எச்-என்-எஸ் என்ற புரதம் டி.என்.ஏ.யின் மீது படிந்து இவற்றை அடக்கிவைத்திருக்கிறது. வளர்ச்சி குன்றி நிலைத்த கட்டத்தை எட்டும்போது ஆர்-பி-ஓ-எஸ் என்ற சிக்மா காரணிப் புரதம் பெருகி, மரபணுக்களைப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேசை இந்த மரபணுக்களின் பக்கம் திருப்புகிறது. அமிலம் பற்றிய செய்தி வேறொரு வாயில் வழியாக வருகிறது. சவ்வில் பதிந்துள்ள ஈ-வி-ஜி-எஸ் என்ற உணரிப் புரதம் வெளியே உள்ள மிதமான அமிலத்தை உணர்ந்து, ஈ-வி-ஜி-ஏ என்ற தன் இணைக்குப் பாஸ்பேட் தொகுதியைக் கடத்துகிறது. அது ஒய்-டி-இ-ஓ என்ற அடுத்த சீராக்கியை, அதாவது மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதத்தை, எழுப்புகிறது. இறுதியில் இவை எல்லாம் கேட்-ஈ என்ற முதன்மைச் சீராக்கியை வந்தடைகின்றன. கேட்-ஈ போதிய அளவு சேர்ந்த பிறகே நொதிகளின் மரபணுக்கள் முழுவீச்சில் இயங்குகின்றன. இவற்றுக்கு இடையே கேட்-ஒய் என்ற சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று, கேட்-எக்ஸ் என்ற மற்றொரு சீராக்கியைச் செய்வதற்கான படியோடு (தூது ஆர்.என்.ஏ.) இணைந்து அதை நிலைக்கச் செய்கிறது. எத்தனை படியெடுக்கப்படுகிறது என்பதோடு, படியெடுத்தது எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கிறது என்பதும் மரபணுச் செயல்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இதே மரபணுத் தொகுதியில் எச்-டி-இ-ஏ, எச்-டி-இ-பி என்ற இரண்டு சிறு புரதங்களுக்கான மரபணுக்களும் உள்ளன. ஈ.கோலையின் வெளிச் சவ்வில் உள்ள துளைகள் புரோட்டான்களைத் தடுப்பதில்லை. எனவே இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள பகுதி வெளிச்சூழலின் பி.எச். அளவை உடனடியாக அடைந்துவிடுகிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் அங்கே கிடையாது என்பதால் ஆற்றலைச் செலவிட்டுப் புரதங்களைச் சீராக்கும் வழக்கமான துணைப்புரதங்கள் அங்கு இயங்க முடியாது. எச்-டி-இ-ஏ நடுநிலையில் இரட்டையாக இணைந்து செயலற்றுக் கிடக்கும், பி.எச். 3-க்குக் கீழே இறங்கும்போது பிரிந்து, தன் மடிப்பைப் பகுதியளவு இழந்து, குலைந்துவரும் பிற புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவை ஒன்றோடொன்று திரளாமல் தடுக்கும். மற்ற புரதங்களைச் செயலிழக்கச் செய்யும் அதே நிலைகுலைவு இந்தப் புரதத்தைச் செயல்பட வைக்கிறது. அமிலம் நீங்கியதும் தான் பிடித்திருந்தவற்றை மெல்ல விடுவிக்கிறது. இதில் மரபணுவின் பங்கு புரதத்தை நேரத்தோடு செய்துவைப்பதோடு முடிந்துவிடுகிறது. செயல்படத் தொடங்கும் நொடியை அமிலமே முடிவு செய்கிறது.

உணரிகள் எல்லாம் ஒரே வகையில் அமைந்தவையும் அல்ல. லைசின் முறையை ஆளும் கேட்-சி என்ற சீராக்கியை, மேலே சொன்ன குளுட்டாமேட் கடத்திப் புரதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழில் ஒலி ஒன்றாகிவிடுவதால் இதை இனி லைசின் சீராக்கி என்றே குறிப்பிடுகிறேன். இது சவ்வில் பதிந்தபடியே ஒரு முனையால் வெளி அமிலத்தை உணர்ந்து, மறுமுனையால் டி.என்.ஏ.யை நேரடியாகப் பற்றுகிறது. இடையில் பாஸ்பேட் கடத்தல் எதுவும் இல்லை. அமிலம் மட்டும் இருந்தால் போதாது, லைசினும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்கு உண்டு. மூலப்பொருள் இல்லாத இடத்தில் நொதியைச் செய்து பயனில்லை அல்லவா?

இதுவரை சொன்னவை தற்காப்பு. நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை இதைவிட ஆழமான இன்னொரு பக்கம் இருக்கிறது: அமிலம் அவற்றுக்கு இடம் காட்டும் குறியாகவும் பயன்படுகிறது. சால்மோனெல்லா இதற்குத் தெளிவான சான்று. இரைப்பையைத் தாண்டிக் குடற்சுவரைத் துளைத்துச் செல்லும் அது, மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்லுக்குள் ஒரு சவ்வுப் பையில் அடைபடுகிறது. அந்தப் பையைச் செல் அமிலமாக்குகிறது; பி.எச். 5-ஐ ஒட்டி இறங்குகிறது. கிருமியை அழிப்பதற்காகச் செய்யப்படும் அந்தச் செயலையே, தான் எங்கே இருக்கிறோம் என்பதற்கான அடையாளமாகச் சால்மோனெல்லா எடுத்துக்கொள்கிறது. பி-எச்-ஓ-க்யூ என்ற உணரி மக்னீசியக் குறைவையும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளையும் அமிலத்தையும் ஒருசேர உணர்ந்து, தன் இணையான பி-எச்-ஓ-பி வழியாகப் பல மரபணுக்களை இயக்குகிறது. இன்னொரு உணரி இணை எஸ்-எஸ்-ஆர்-பி என்ற சீராக்கியை எழுப்ப, அது இரண்டாம் நோயாக்கத் தீவு எனப்படும் மரபணுத் தொகுதியின் மீது படிந்திருந்த எச்-என்-எஸ் புரதத்தை விலக்கி, ஊசி போன்ற ஒரு சுரப்புக் கருவியைக் கட்டுவதற்கான மரபணுக்களைத் திறக்கிறது.

அந்த ஊசி மேக்ரோபேஜின் பைச்சவ்வைத் துளைத்து மறுபுறத்தை எட்டும்போது, அங்கே செல்லின் சைட்டோபிளாசம் பி.எச். 7.2 அளவில் இருக்கிறது. உள்ளே அமிலம், ஊசி முனையில் நடுநிலை என்ற இந்த வேறுபாட்டையும் பாக்டீரியா உணர்கிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமிலத்தில் ஊசி கட்டப்படுகிறது. நடுநிலை உணரப்பட்ட பிறகே அதன் வழியாக நச்சுப் புரதங்கள் செலுத்தப்படுகின்றன. ஊசி உரிய இடத்தை அடைந்துவிட்டது என்பதை பி.எச். மாற்றத்தைக் கொண்டே அறியும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சால்மோனெல்லாவைப் பற்றி இன்னும் எதிர்பாராத ஒரு செய்தியும் உண்டு. ஈ.கோலை தன் உட்பகுதி அமிலமாகாமல் தடுக்கப் போராடுகிறது என்று பார்த்தோம். மேக்ரோபேஜுக்குள் இருக்கும் சால்மோனெல்லாவோ, ஓ-எம்-பி-ஆர் என்ற சீராக்கியின் மூலம் லைசின் முறையின் மரபணுக்களை அடக்கி, தன் உட்பகுதி அமிலமாவதற்கு இடம் கொடுக்கிறது. அந்த உள் அமிலத்தன்மை நோயாக்க மரபணுக்கள் திறக்கத் துணைசெய்கிறது. ஆகவே, அமிலத்தில் ஒரு பாதுகாப்பு மரபணுவின் செயல்பாடு குறைந்தது என்று ஒரு தரவு சொன்னால், அதை உடனே பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இரைப்பையிலேயே குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. இரைப்பைப் புண்ணுக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைப் பெருமளவில், தன் மொத்தப் புரதத்தில் பத்து விழுக்காடு வரைகூட, செய்து வைத்துக்கொண்டு, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உருவாக்கி அமிலத்தை நடுநிலைப்படுத்துகிறது. அமிலம் இல்லாதபோது அதே அம்மோனியா அதற்கே நஞ்சாகிவிடும். எனவே யூரியாவை உள்ளே விடும் யூ-ஆர்-இ-ஐ என்ற வழி, பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் திறக்கிறது. ஈ.கோலையில் சூழலை உணர்ந்து பாஸ்பேட்டைக் கடத்தும் உணரிக் கைனேஸ் புரதங்கள் ஏறத்தாழ முப்பது இருக்க, இதனிடம் மூன்று நான்கு மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்றான ஏ-ஆர்-எஸ்-எஸ் அமிலத்தை உணர்ந்து யூரியேஸ் மரபணுக்களின் படியெடுப்பைக் கூட்டுகிறது. அமிலம் நிலையாக இருக்கும் இடத்தில் வாழும் உயிருக்குப் பல அடுக்குக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை என்பது என் கணிப்பு.

அளக்கும் முறைக்கு வருகிறேன். அமிலத்தில் வைத்த செல்களிலிருந்தும் நடுநிலையில் வைத்த செல்களிலிருந்தும் ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அதை டி.என்.ஏ. நகலாக மாற்றி, மொத்தமாக வரிசைப்படுத்தி, எந்த மரபணுவின் படிகள் கூடின, எவற்றின் படிகள் குறைந்தன என்று ஒப்பிடுவதே இன்றைய வழக்கம். சில மரபணுக்களை மட்டும் உறுதிசெய்ய நிகழ்நேர பி.சி.ஆர். போதும். சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், முடிவைக் கெடுக்கக்கூடிய இடங்கள் இதில் பல. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ. சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். செல்களை மையவிலக்கியில் பத்து நிமிடம் சுழற்றிய பிறகு ஆர்.என்.ஏ. எடுத்தால், நாம் அளப்பது அமிலத்தின் விளைவையா சுழற்சியின் விளைவையா என்று சொல்ல முடியாது. எனவே சூழலை மாற்றிய நொடியிலேயே ஆர்.என்.ஏ.யை உறையச் செய்யும் கரைசலைச் சேர்க்க வேண்டும்.

வளர்ச்சி வேகம் இன்னொரு பெரிய கண்ணி. அமிலத்தில் வளர்ச்சி குறைகிறது. வளர்ச்சி குறைந்தாலே ரைபோசோம் மரபணுக்கள் தணிந்து, ஆர்-பி-ஓ-எஸ் சார்ந்த மரபணுக்கள் உயர்ந்துவிடும். அமிலமே இல்லாமல் பட்டினி போட்டாலும் பட்டியலின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். ஆகவே, வேறு வழியில் வளர்ச்சியைக் குறைத்த செல்களையும் ஒப்பீட்டில் சேர்த்த ஆய்வையே நான் முழுமையாக நம்புவேன். எந்த அமிலம், எந்தத் தாங்கல் கரைசல், ஊடகத்தில் குளுட்டாமேட்டோ லைசினோ இருந்ததா, ஆக்சிஜன் இருந்ததா, செல்கள் எந்த வளர்ச்சிக் கட்டத்தில் இருந்தன என்ற விவரங்கள் இல்லாத மரபணுப் பட்டியலைப் பயன்படுத்துவது கடினம். ஒரு மரபணுவின் இயக்கியோடு (படியெடுப்பு தொடங்கும் டி.என்.ஏ. பகுதி) பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து ஒளியை அளப்பவர்கள், அந்தப் புரதத்தின் ஒளியே அமிலத்தில் மங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது, உட்பகுதியின் பி.எச். இறங்கியிருந்தால், செயல்பாடு கூடிய மரபணுகூடக் குறைந்ததாகத் தோன்றலாம். அதற்கென்று அமிலத்தைத் தாங்கும் ஒளிர்புரதங்கள் உள்ளன. மேலும், செயல்பாடு உயர்ந்த மரபணு எல்லாம் உயிர்பிழைக்கத் தேவையானது என்று கொள்ள முடியாது. அந்த மரபணுவை நீக்கிய செல் அமிலத்தில் விரைவாக மடிகிறதா, திரும்பச் சேர்த்தால் மீள்கிறதா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம்.

மருத்துவத்துக்குப் பயன்படுமா என்ற கடைசிக் கேள்விக்கு, பயன்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதே பதில். இரைப்பை அமிலம் எவ்வளவு பெரிய தடை என்பதைக் காலரா பற்றிய தன்னார்வலர் ஆய்வுகள் காட்டின. வெறும் வயிற்றில் நோயை உண்டாக்கப் பத்தாயிரம் கோடி அளவில் கிருமிகள் தேவைப்பட்டன. பைகார்பனேட் கொடுத்து அமிலத்தை நடுநிலைப்படுத்தியபோது பத்து லட்சம் அளவே போதுமாயிற்று. அமிலத்தைச் சிறப்பாகத் தாங்கும், சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கோ நூறு செல்களும் போதும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளை நீண்டகாலம் எடுப்பவர்களுக்குச் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் தொற்றுகள் கூடுதலாக வருவதும் இதனால்தான்.

காசநோய்க் கிருமியில் இந்த அறிவு இன்னும் நேரடியாகப் பயன்படுகிறது. நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகளால் தூண்டப்படாத மேக்ரோபேஜில் அது தன் பையின் பி.எச். 6.2-ஐ ஒட்டியே நிற்கும்படி தடுத்துவிடுகிறது. தூண்டப்பட்ட மேக்ரோபேஜில் அந்த பி.எச். 5-க்கும் கீழே இறங்குகிறது. பையின் அந்த அமிலத்தன்மையையே குறியாகக் கொண்டு பி-எச்-ஓ-பி என்ற சீராக்கி அதன் நோயாக்க மரபணுக்களை இயக்குகிறது. பெயர் ஒன்றானாலும் இது சால்மோனெல்லாவில் உள்ள அதே அமைப்பு அன்று. ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் வீரியம் குன்றிய எச்37ஆர்ஏ என்ற காசநோய்க் கிருமி வகையில், இந்தச் சீராக்கியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது அதன் வீரியக் குறைவுக்கு ஒரு காரணம் என்று கண்டறியப்பட்டது. இதே மரபணுவையும் மற்றொரு மரபணுவையும் திட்டமிட்டு நீக்கி உருவாக்கிய எம்.டி.பி.வாக் என்ற தடுப்பூசி மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. பைரசினமைடு என்ற பழைய காசநோய் மருந்தும், நடுநிலை ஊடகத்தில் வளரும் கிருமியிடம் ஏறக்குறைய எதுவும் செய்யாமல், பி.எச். 5.5-ஐ ஒட்டிய அமிலத்தில்தான் தன் திறனைக் காட்டுகிறது. அதனால், புதிய மருந்துகளைத் தேடும்போது சோதனைத் தட்டில் உள்ள ஊடகத்தின் பி.எச். அளவை உடலுக்குள் கிருமி வாழும் இடத்தின் அளவுக்கு இறக்கிவைத்துச் சோதிக்கும் வழக்கமும் வந்துள்ளது.